‘சமர்த்து’ என்று எழுதப்பட்ட ஆமை

பிப்ரவரி 3ஆம் தேதி தராசில் வைத்தபோது 31ஆம் எண் ஆமை 2.47 கிலோ காட்டியது. மூன்று வாரத்துக்கு முன் அதன் எடை 2.62. இடைப்பட்ட நாள்களில் ஒன்றுவிடாமல் அது தன் பங்கு மீனை மிச்சமின்றித் தின்றதாகத் தீனித் தாளில் பதிவாகியிருந்தது. அந்தப் பதிவுகளில் பாதி என் கையெழுத்து.

இந்தக் குறிப்பு அந்த மூன்று வாரத்தைப் பற்றியது. அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையில் ஒரு கடலாமை மருத்துவமனையில் சம்பளமில்லாப் பயிற்சி மாணவியாக நான் இருந்தபோது நடந்தது. எந்த மருத்துவமனை என்று சொல்லப்போவதில்லை. அங்கிருந்தவர்கள் என்னிடம் நடந்துகொண்ட பெருந்தன்மைக்கு அதுதான் மரியாதை. யார் தவறு என்று கேட்டால் முதலில் என்னுடையது. அடுத்தது அந்தத் தாளுடையது.

வந்த வழி

31 ஒரு கெம்ப் ரிட்லி ஆமை. நம் கரைக்கு வரும் பங்குனி ஆமைக்கு ஒன்றுவிட்ட உடன்பிறப்பு என்று சொல்லலாம். இரண்டும் ஒரே பேரினம். பங்குனி ஆமை பல கடல்களில் உண்டு. கெம்ப் ஆமை அப்படியில்லை. ஏறக்குறைய எல்லாத் தாய்களும் மெக்சிகோ வளைகுடாவின் மேற்குக் கரையில், முக்கியமாக ராஞ்சோ நுவேவோ என்ற இடத்தில்தான் முட்டையிடுகின்றன. 1947இல் அங்கே ஒரே நாளில் கரையேறிய கூட்டத்தை ஆந்திரேஸ் எர்ரேரா என்பவர் படமெடுத்து வைத்தார். அதைப் பார்த்துப் பின்னாளில் சுமார் 40,000 தாய் ஆமைகள் என்று கணக்கிட்டார்கள். 1985இல் ஆண்டு முழுவதற்கும் எண்ணிக் கிடைத்தவை 702 கூடுகள். முட்டை எடுத்தது ஒரு காரணம், இறால் இழுவலை இன்னொன்று. அதற்குப் பிறகு எண்ணிக்கை ஏறியும் இறங்கியும் வந்திருக்கிறது. இரண்டரைக் கிலோ எடையுள்ள ஓர் இளம் ஆமைக்கு இத்தனை பேர் இத்தனை மைல் ஓடுவதன் பின்னணி இதுதான்.

அந்த இளம் ஆமைகள் கோடையில் நண்டு தேடி வடக்கே போகின்றன. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேப் காட் என்ற நிலமுனை, முழங்கையை மடக்கிப் புஜம் காட்டுகிறவரின் கைபோலக் கடலுக்குள் வளைந்து கிடக்கிறது. இலையுதிர் காலத்தில் நீர் குளிரத் தொடங்கியதும் தெற்கே போகவேண்டிய ஆமை அந்த வளைவுக்குள் மாட்டிக்கொள்கிறது. தெற்கே போக முதலில் வடக்கே நீந்தி முனையைச் சுற்றி வரவேண்டும். அது ஆமைக்குப் பிடிபடுவதில்லை. நீர் 10 டிகிரிக்குக் கீழே போனதும் உடல் மரத்துப்போய் மேலே மிதக்கிறது. பிறகு காற்று எங்கே தள்ளுகிறதோ அங்கே கரை ஒதுங்குகிறது. 2014 பருவத்தில் மட்டும் இப்படி 1,200க்கும் மேல்.

நவம்பர், டிசம்பரில் ஒவ்வொரு ஓதம் வடியும்போதும், நள்ளிரவானாலும், வெல்ஃப்லீட் பே சரணாலயத்தின் தன்னார்வலர்கள் கரையில் நடக்கிறார்கள். கண்டெடுத்தால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான்: அலை எட்டாத இடத்துக்கு நகர்த்தி, காய்ந்த கடற்பாசியால் மூடி, அடையாளம் நட்டு, போன் செய்வது. திரும்பக் கடலில் விடக்கூடாது. சூடும் காட்டக்கூடாது. காரில் ஏற்றும்போது ஹீட்டரை அணைத்துவிடுவார்கள். ஆமையை வைப்பது வாழைப்பழம் வந்த அட்டைப்பெட்டியில். மூடி உண்டு, காற்றுக்கு ஓட்டை உண்டு, ஒரு இளம் ரிட்லிக்கு அளவெடுத்துச் செய்ததுபோல இருக்கும்.

அங்கிருந்து குவின்சியில் உள்ள நியூ இங்கிலாந்து அக்வேரியத்தின் ஆமை மருத்துவமனைக்குப் போகும். உடல் வெப்பத்தை ஒரு நாளைக்கு மூன்று டிகிரி அளவில்தான் ஏற்றுகிறார்கள். 24, 25ஐத் தொட நாலைந்து நாள் ஆகும். அவசரப்பட்டுச் சூடேற்றினால் உடம்புக்குள் மரத்துக் கிடக்கும் எல்லாக் கோளாறும் ஒரே நேரத்தில் விழித்துக்கொள்ளும். தேறியவற்றை, வடக்கே தொட்டிகளில் இடம் வேண்டுமென்பதால், தன்னார்வ விமானிகள் சின்ன விமானங்களில் தெற்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். அதே வாழைப்பழப் பெட்டிதான்.

31 அப்படி டிசம்பரில் எங்களிடம் வந்தது. கூடவே நாலு பக்கக் கோப்பு. கண்டெடுத்தபோது உடல் வெப்பம் 8 டிகிரி. டாப்ளர் கருவியில் கேட்ட இதயத் துடிப்பு நிமிடத்துக்கு எட்டு. எக்ஸ்ரேயில் நுரையீரல் அழற்சி. மருந்து கொடுத்து முடித்தாகிவிட்டது. எலும்புகளில் ஒன்றுமில்லை. கடைசி வரி: ‘தின்கிறது, நீந்துகிறது.’

ஏழு மணி முதல்

நான் சேர்ந்தது ஜனவரி இரண்டாம் வாரம். வாரத்துக்கு மூன்று நாள், காலை ஏழிலிருந்து மாலை நாலு வரை. என்னைப்போல இன்னும் மூன்று பேர் வெவ்வேறு நாள்களில் வந்தார்கள். கடல்வாழ் உயிர்களைப் பராமரிக்கும் வேலை என்றதும் மனசில் வரும் படத்தில் நீலத் தண்ணீர் இருக்கும், ஆமை இருக்கும். உண்மையில் நாளின் பெரும்பகுதி ஒரு சமையலறையில் போகிறது.

முந்தின நாள் சாயங்காலமே ஃப்ரீசரிலிருந்து குளிர்பெட்டிக்கு மாற்றிய ஹெர்ரிங், கேப்லின் என்ற சிறு மீன், கணவாய் எல்லாம் காலையில் உறை இளகியிருக்கும். இளகாததைக் குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் வைக்கலாம், வெந்நீர் ஆகாது. ஒவ்வொரு மீனையும் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். கண் குழிந்திருந்தால், வயிறு வெடித்திருந்தால், தோல் மஞ்சளித்திருந்தால் குப்பைக்கு. நோயாளிக்குப் போகிற மீன் கடையில் நாம் வாங்கும் மீனைவிட நன்றாக இருந்தது என்று சத்தியம் செய்வேன். ஹெர்ரிங் நம்மூர் மத்தியின் குடும்பம். அதில் வைட்டமின் பி1ஐச் சிதைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. உறையில் கிடக்கும் நாள்களிலும் சத்து குறைகிறது. ஆகவே மாத்திரை. மீன் சதைக்குள் விரலால் மாத்திரையைச் செருகி, அந்தத் துண்டை மறக்காமல் தனியாக வைக்க வேண்டும்.

பிறகு வெட்டுவது. இரண்டரைக் கிலோ ஆமைக்குத் தலை, வால், துடுப்பு நீக்கி விரல்கணு அளவில் துண்டுகள். உடல் எடையில் இரண்டு சதவீதம் ஒரு நாளைக்கு. 31க்கு 52 கிராம். அதைக் காலை, மதியம் என இரண்டாகப் பிரித்து, எண் ஒட்டிய கிண்ணத்தில் வைத்து, தராசில் நிறுத்து, தாளில் எழுதி, பனிக்கட்டிமேல் அடுக்க வேண்டும். 22 ஆமைகள், 44 கிண்ணங்கள். முடித்ததும் கத்தி, பலகை, தொட்டி, தரை எல்லாம் சோப்பு, கிருமிநாசினி, மறுபடி தண்ணீர். காய்ந்த செதில் ஒன்று சுவரில் ஒட்டியிருந்தால் மூத்த பராமரிப்பாளர் நகத்தால் சுரண்டிக் காட்டுவார். ஒன்றும் சொல்லமாட்டார். காட்டுவார், அவ்வளவுதான்.

முதல் வாரம் வீட்டுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினேன். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இங்க வீட்ல ஒரு நாளாவது மத்தி ஆய்ஞ்சு குடுத்திருக்கியாடி நீ?” என்றார். பதில் சொல்ல முடியவில்லை. மீன் ஆய்வதும் ஆய்வு செய்வதும் ஒரே வேர்தானே என்று மட்டும் பின்னால் தோன்றியது. இரண்டுமே கையில் எடுத்துப் பிரித்துப் பார்ப்பது.

எட்டரைக்குத் தண்ணீர்ப் பரிசோதனை: வெப்பம், உப்பு, காரத்தன்மை, குளோரின். ஆமைக்குச் செவுள் கிடையாது, காற்றைத்தான் சுவாசிக்கிறது, பிறகு தண்ணீரில் என்ன அப்படிக் கவனம் என்று முதலில் நினைத்தேன். உப்பு குறைந்தால் தோலும் கண்ணும் கெடும். வெப்பம் இரண்டு டிகிரி குறைந்தால் பசி போய்விடும். அப்புறம் தொட்டி அடியில் சேர்ந்ததைக் குழாய் வைத்து உறிஞ்சுவது, சுவரைத் தேய்ப்பது, துண்டு துவைப்பது. ஒரு நாளில் எத்தனை துண்டு துவைத்தோம் என்று ஒருமுறை எண்ணத் தொடங்கி அறுபதோடு விட்டுவிட்டேன்.

ஒன்பதரைக்கு முதல் தீனி. இங்கேதான் விஷயம் ஆரம்பிக்கிறது.

தாளும் தராசும்

31 இருந்தது 12 அடி வட்டத் தொட்டியில், மற்ற எட்டு ஆமைகளோடு. ஓட்டின்மேல் வெள்ளைப் பெயிண்டில் எண். நான் விளிம்பில் முழங்கால் போட்டு, நீண்ட இடுக்கியில் துண்டைப் பிடித்து, எண்ணைப் பார்த்து, அதன் வாய்க்கு முன்னால் விடுவேன். ஆமை வாயைத் திறக்கும், தண்ணீரோடு சேர்த்து உள்ளே இழுக்கும், அடுத்த எண்ணுக்குப் போவேன். ஒன்பது ஆமைக்கும் கிண்ணம் காலியாக இருபது நிமிடம். கடைசியில் வலை போட்டு அடியில் கிடக்கும் மிச்சத்தை அள்ளி, நிறுத்து, கழிக்க வேண்டும். அந்தத் தொட்டியில் மிச்சம் என்று ஒன்று வந்ததே கிடையாது. அதில் எங்களுக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

தாளில் ஆமை ஒவ்வொன்றுக்கும் ஒரே கட்டம்: ‘தின்றது, கிராமில்’. கிண்ணத்தில் இருந்தது 26 கிராம், மிச்சம் பூஜ்யம், ஆகவே தின்றது 26. கணக்கு சரி. தொட்டிக்கு அது சரி. ஆமைக்குச் சரியா என்று தாள் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அதே தொட்டியில் 27ஆம் எண் இருந்தது. நாங்கள் அதைக் கொள்ளைக்காரன் என்போம். ஆணா பெண்ணா என்று அந்த வயதில் வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. நடத்தையை வைத்து நாங்களே கொடுத்த பட்டம். அடியிலிருந்து செங்குத்தாக எழும்பி, அடுத்ததன் வாயோரம் இருப்பதைப் பிடுங்கிக்கொண்டு போகும். சிரித்திருக்கிறோம். யாருடையதைப் பிடுங்கியது என்று ஒருவரும் எழுதியதில்லை.

எடை பார்ப்பது வாரத்துக்கு ஒருமுறை. அது வேறொரு கோப்பில், கணினியில். ஜனவரி 13இல் 31 இருந்தது 2.62. 20இல் 2.60. இருபது கிராம் என்பது ஒன்றுமேயில்லை. கழிந்துவிட்டு வந்தால் குறையும், ஓடு ஈரமாக இருந்தால் கூடும். 27இல் 2.55. அன்று எடை போட்டது நானில்லை, போட்டவருக்கு முந்தின வாரத்து எண் கண்ணில் பட்டிருக்கவும் வாய்ப்பில்லை. கணினித் திரையில் அன்றைய கட்டம் மட்டும்தான் திறக்கும். தீனித் தாள் தொட்டியருகே ஆணியில் தொங்கியது. இரண்டையும் ஒருசேரக் கையில் வைத்துப் பார்க்கிற ஆள் என்று யாரும் இல்லை.

இதுவரை சொன்னது எந்த இடத்திலும் நடக்கக்கூடியது. அடுத்தது என்னுடையது.

தாளின் ஓரத்தில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் உண்டு. ஜனவரி 20லிருந்து அதில் 31ஐப் பற்றி ஐந்து முறை எழுதியிருக்கிறேன். ஆங்கிலத்தில் எழுதியதை அப்படியே நம் வாயில் சொன்னால்: ‘அமைதி’, ‘பிடிக்கச் சுலபம்’, ‘சமர்த்து’. மற்ற ஆமைகளைத் தொட்டியிலிருந்து தூக்கினால் இரண்டு முன்துடுப்பாலும் படபடவென்று அடிக்கும். ஓட்டின் இரு ஓரத்தையும் பிடித்துக் கையை நீட்டி, உடம்பிலிருந்து தள்ளித்தான் தூக்க வேண்டும். இல்லாவிட்டால் முழங்கை வரைக்கும் சிவக்கும். 31 மட்டும் கையில் வைத்த சொம்பு மாதிரி வரும். எனக்கு அது பிடித்திருந்தது. நோயாளி ஒத்துழைக்கிறது என்றே நினைத்தேன்.

ஏன் அப்படி நினைத்தேன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு, அது இங்கே சொல்லத் தக்கது. கல்லூரியில் படித்தபோது சென்னையில் மூன்று பருவம் ஆமை நடை போயிருக்கிறேன். 1988லிருந்து மாணவர்கள் நடத்தும் கடலாமைப் பாதுகாப்பு அமைப்போடு, இரவில், நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரைக்கும். அங்கே நான் பார்த்த பங்குனி ஆமைகள் இரண்டே வகை. ஒன்று, வலையில் மூச்சுமுட்டிச் செத்து, கண் பிதுங்கி ஒதுங்கியவை. மற்றது, முட்டையிட வந்த தாய். குழி தோண்டி முட்டையிடத் தொடங்கிவிட்டால் அதற்குச் சுற்றி நடப்பது எதுவும் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டை அளந்தாலும் அசையாது. உயிருள்ள ஆமை என்றால் எனக்கு அந்த அசையாமைதான். நோயாளி ஆமையை அதற்கு முன் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பெசன்ட் நகர் மணலில் கற்றதை வேறொரு கடலின் தொட்டிக்கு அப்படியே தூக்கி வந்திருந்தேன்.

கீறல் இல்லாத கை

பிப்ரவரி 3. எடை போட 31ஐத் தூக்கி ஈரத்துண்டு விரித்த தராசில் வைத்தேன். மூத்த பராமரிப்பாளர் கணினியில் எண்ணை ஏற்றிக்கொண்டிருந்தார். 2.47 என்றேன். தட்டிய விரல் நின்றது. எழுந்து வந்து ஆமையைப் பார்த்தார். இடது துடுப்பு விரிந்து கிடந்தது. வலது துடுப்பு உடம்போடு ஒட்டியிருந்தது.

“எவ்வளவு நாளாக இப்படி இருக்கிறது?”

“இது எப்போதும் இப்படித்தான். ரொம்பச் சமர்த்து.”

அவர் என் கையைக் காட்டச் சொன்னார். இரண்டு கையிலும் கீறலும் கன்றிய தடமும் இருந்தன. ஒவ்வொன்றாகத் தொட்டு எது எந்த ஆமை என்று கேட்டார். எனக்குத் தெரிந்திருந்தது: இது 27, இது 14, இது 9, அந்த நீளமானது 22. “31 எங்கே?” என்றார்.

அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அன்று மதியமே எக்ஸ்ரே. வலது முன்துடுப்பில், தோளிலிருந்து வரும் எலும்பு முழங்கையைத் தொடும் இடத்தில், விளிம்பு செல்லரித்ததுபோல இருந்தது. இரத்தத்தில் வெள்ளணுக்கள் ஏறியிருந்தன. எலும்புக்குள் கிருமித் தொற்று.

குளிரில் விறைத்த ஆமைகளுக்கு இது தெரிந்த சிக்கல்தான் என்று மருத்துவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். ஊர்வனவுக்கு நோயெதிர்ப்பும் உடல் வெப்பத்தோடு கட்டுண்டது. 8 டிகிரியில் அது ஏறக்குறைய உறங்குகிறது. அந்த நேரத்தில் இரத்தத்தில் நுழையும் கிருமி, ஓட்டம் மெதுவாக இருக்கும் மூட்டோர எலும்பில் போய்த் தங்கும். எலும்பு அரிக்கப்பட்டு எக்ஸ்ரேயில் தெரிய வாரக்கணக்கில் ஆகும். அதனால்தான் டிசம்பர் எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. கோப்பில் இருந்த ‘எலும்புகளில் ஒன்றுமில்லை’ என்ற வரி அன்றைக்கு உண்மை. அதை நாங்கள் பிப்ரவரி வரைக்கும் உண்மையாக வைத்திருந்தோம்.

இப்போது துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தின. வலது முழங்கை வலிக்கிறது. ஒரு துடுப்பால் நீந்துகிற ஆமைக்கு மீன் துண்டை நோக்கித் திரும்ப ஒரு நொடி கூடுதலாகத் தேவைப்படுகிறது. 27க்கு அந்த ஒரு நொடி போதும். தூக்கினால் அடிக்காததற்குக் காரணம், அடித்தால் வலிக்கும். 27இன் எடையை எடுத்துப் பார்த்தோம். அதே மூன்று வாரத்தில் 200 கிராமுக்கு மேல் ஏறியிருந்தது. ஏறுகிற எடையை ஏன் என்று கேட்க யாருக்கும் தோன்றாது.

மூட்டிலிருந்து ஊசியால் சிறிது திரவம் எடுத்துக் கிருமி வளர்ப்புக்கு அனுப்பினார்கள். செஃப்டாசிடைம் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து, 72 மணி நேரத்துக்கு ஒருமுறை. கடலாமையின் உடம்பில் மருந்து அவ்வளவு நேரம் தங்குகிறது. மனுஷருக்கு என்றால் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை போடுவார்கள். ஊசி இடது முன்பக்கத்தில். பின்பக்கம் போட்டால் அந்த இரத்தம் முதலில் சிறுநீரகத்தைச் சுற்றிப்போகும் அமைப்பு ஊர்வனவற்றுக்கு உண்டு என்பதால் முன்பக்கம். வலது பக்கம் புண்பட்டிருப்பதால் இடது. கூடவே வலி மருந்து. 31ஐத் தனித் தொட்டிக்கு மாற்றினார்கள்.

அன்று மாலை அதற்கு நான் தனியாகத் தீனி கொடுத்தேன். 26 கிராம் கிண்ணம். துண்டை விட்டேன், பார்த்துக்கொண்டே இருந்தேன். வாயைத் திறந்தது, விட்டுவிட்டது. இன்னொன்று. அரை மணி நேரம் கழித்து வலையால் அள்ளி நிறுத்தேன். தின்றது 9 கிராம். தாளில் 9 என்று எழுதினேன். மூன்று வாரத்தில் அந்த ஆமையைப் பற்றி நான் எழுதிய முதல் நிஜமான எண் அது.

எங்கே தவறியது

வியாழக்கிழமை காபி அறையில் உட்கார்ந்து பேசினோம். மருத்துவர், மூத்த பராமரிப்பாளர், பயிற்சி மாணவர்கள் நாலு பேர். திட்டு விழும் என்று தயாராகப் போயிருந்தேன். மருத்துவர் பழைய தீனித் தாள்களை மேஜையில் பரப்பி, நாலு பேரின் கையெழுத்துக்கும் நாலு நிறத்தில் கோடு போடச் சொன்னார். கோடு போட்டதும் தெரிந்தது: 31ஐ மூன்று நாள் தொடர்ந்து ஒரே ஆள் பார்த்ததே இல்லை. எனக்கு முன்னால் வந்தவள் ஜனவரி 19இல் ‘இன்று கொஞ்சம் மந்தம்’ என்று எழுதியிருந்தாள். அடுத்த நாள் நான் ‘அமைதி’ என்று எழுதினேன். பார்த்தது ஒன்றேதான். அவள் சொல் ஒரு கேள்வி. என் சொல் அந்தக் கேள்வியை மூடிவிட்டது.

மூன்று வாரம் முன்னதாகவே எக்ஸ்ரே எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். முதல் வாரத்தில் எடுத்திருந்தால் ஒன்றும் தெரியாமல்கூடப் போயிருக்கலாம், இரண்டாம் வாரத்தில் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன் என்றார் மருத்துவர். என்னைத் தேற்றவும் இல்லை, குத்தவும் இல்லை.

என் பார்வையில் அந்தக் கூட்டத்தில் நடந்த நல்ல விஷயம், பயிற்சி மாணவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும் என்று யாரும் தீர்மானம் போடாதது. கவனமாகத்தான் இருந்தோம். 26 கிராமை 26 என்றுதான் நிறுத்தோம். கவனம் முழுக்கக் கிண்ணத்தின்மேல் இருந்தது.

மாற்றியது தாளை. ‘தின்றது’ என்ற ஒரு கட்டத்தை மூன்றாக்கினார்கள்: கொடுத்தது, விழுங்கியதைக் கண்ணால் பார்த்தது, அள்ளியது. இரண்டாவது கட்டத்தை நிரப்ப வேண்டுமானால் ஒரு துண்டு தொண்டைக்குள் இறங்கும்வரை அடுத்த ஆமைக்குப் போக முடியாது. இருபது நிமிடத் தீனி ஐம்பது நிமிடம் ஆனது. நாங்கள் முணுமுணுத்தோம், முழங்கால் வலித்தது, மதியச் சாப்பாடு தள்ளிப்போனது. தொட்டிக்குள் வலைத்தட்டி வைத்து 27ஐப் பிரித்தார்கள். வாராந்திர எடையைக் கணினியில் ஏற்றுவதோடு தீனித் தாளின் மேலேயும் எழுத வேண்டும் என்றானது. குறிப்புக் கட்டத்தில் குணம் எழுதக்கூடாது, செயல் எழுத வேண்டும் என்பது மூத்த பராமரிப்பாளர் போட்ட விதி. ‘சாது’ கூடாது, ‘தூக்கும்போது வலது துடுப்பு அசையவில்லை’ எழுதலாம். ‘முரடு’ கூடாது, ‘இரண்டு முறை கடிக்க வந்தது’ எழுதலாம்.

இந்த விதியை நான் ஒரு வாரம் வீட்டிலும் கடைப்பிடித்துப் பார்த்தேன். கூட இருக்கும் தோழியைப் பற்றிக்கூட மனசுக்குள் ‘சிடுசிடுப்பு’ என்று சொல்லாமல் ‘காலையிலிருந்து மூன்று முறை கதவை அறைந்தாள்’ என்று சொல்லிக்கொள்வது. நிற்க, அது இந்த ஆய்வுக்கு வெளியே.

பிறகு

31 முதல் பத்து நாள் கேப்லினைத் தொடவே இல்லை. கணவாய் மட்டும் தின்றது. மாத்திரையைக் கணவாய்க் குழாய்க்குள் வைத்து மடித்துக் கொடுப்பது என் வேலையானது. மீன் சதைக்குள் செருகுவதைவிட அது சுலபம், நழுவாது. தின்றது 9, 12, 11, 19, 17, 26 என்று தாளில் மெல்ல ஏறியது. பிப்ரவரி 24இல் எடை 2.50. மார்ச் நடுவில் 2.66. தண்ணீர் மட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினார்கள். ஆழம் கூடினால் மூச்சுக்கு மேலே வர இரு துடுப்பும் தேவைப்படும், அதுதான் அதற்குப் பயிற்சி.

மாதம் ஒருமுறை எக்ஸ்ரே. மார்ச்சில் அரிப்பு முன்பைவிடப் பெரிதாகத் தெரிந்தது, எனக்கு வயிற்றைக் கலக்கியது. தொற்று அடங்கிய பிறகும் செத்த எலும்பு கரைந்து வெளியேறும்வரை படம் மோசமாகத்தான் தெரியும், ஆமை என்ன செய்கிறது என்று பார் என்றார் மருத்துவர். ஆமை நீந்திக்கொண்டிருந்தது. ஏப்ரல் படத்தில் விளிம்பு மழுங்கத் தொடங்கியிருந்தது.

ஏப்ரல் நடுவில் என் பயிற்சி முடிந்தது. கடைசி நாளும் மீன் வெட்டினேன், துண்டு துவைத்தேன். 27ஐயும் மற்ற எட்டில் ஐந்தையும் வடக்கு ஃப்ளோரிடாவின் கரையில் ஏற்கெனவே விட்டுவிட்டார்கள். நீர் அங்கே முன்னதாகச் சூடாகிவிடும். 31 இன்னும் இருந்தது. அன்று தீனி கொடுக்கும்போது அது இடுக்கியையே கவ்வி இழுத்தது. தாளில் ‘இடுக்கியைக் கவ்வியது, இரண்டு முறை’ என்று எழுதிவிட்டு வந்தேன்.

ஜூலையில் மூத்த பராமரிப்பாளரிடமிருந்து மின்னஞ்சல். தோலுக்கடியில் அடையாளச் சில்லு வைத்தாயிற்று, துடுப்பில் உலோக வில்லை குத்தியாயிற்று, உயிருள்ள நீல நண்டைத் தானே துரத்திப் பிடித்துத் தின்றது, மறுநாள் காலை கடலில் விட்டார்கள். எடை 3.4 கிலோ. படம் ஒன்றும் இல்லை. அழிவாபத்துப் பட்டியலில் உள்ள விலங்கு, படம் எடுக்கவும் பகிரவும் கட்டுப்பாடு உண்டு என்பதால் நான் எதிர்பார்க்கவும் இல்லை. அதற்குப் பதிலாகக் கடைசி நாளின் தீனித் தாளை ஸ்கேன் செய்து இணைத்திருந்தார். எனக்குப் பிறகு சேர்ந்த யாரோ ஒரு பயிற்சி மாணவரின் கையெழுத்து. கொடுத்தது 34. விழுங்கியதைக் கண்ணால் பார்த்தது 34. அள்ளியது 0. குறிப்பு: ‘பெட்டியில் வைக்கும்போது இரு துடுப்பாலும் அடித்தது. இடது மணிக்கட்டில் கீறல். கையுறை கிழிந்தது.’